சுவர்கள் சேரும் இடம்

(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு நிகழ்வுகளில் ஒன்றாகப் பாடசாலைப் பிரதான மண்டபத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் அக்கா என்னிடம் கேட்டது உடல்நலம் பற்றிய ஓர் உரை. நீரிழிவு, குருதியமுக்கம், மாதவிடாய் நின்றபின் எலும்புத் தேய்வு என்று தலைப்புகளும் தந்தார். அவற்றைப் பற்றிச் சொல்ல இந்தச் சபையிலேயே என்னிலும் மூத்த வைத்தியர்கள் பலர் இருக்கிறார்கள். ஆகவே வேறொன்றைப் பற்றிக் கதைக்க அவரிடம் அனுமதி கேட்டேன். சுவரின் ஒரு பலகையும் அடுத்த பலகையும் சேரும் இடம், சுவரும் யன்னலும் சேரும் இடம், அந்த இடங்களைக் கணினியில் எப்படி வரைகிறார்கள் என்பது பற்றி.

"டொக்டருக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?" என்று அக்கா சிரித்தார். சம்பந்தம் இருக்கிறது. நான் லண்டனில் நுண்ணுயிரியல் வைத்தியராக வேலை செய்கிறேன். நோயாளரைத் தாக்கும் கிருமிகள் எங்கே ஒளிந்திருக்கின்றன என்று தேடுவது என் வேலையில் ஒரு பகுதி. அவை பெரும்பாலும் பரந்த சுவரில் இருப்பதில்லை. பரந்த சுவரைத் துடைத்துவிடலாம். இரண்டு பொருள்கள் சேரும் கோட்டில், ஈரம் தங்கும் இடுக்கில்தான் அவை இருக்கும்.

இந்தத் தலைப்பைத் தெரிந்ததற்கு இன்னும் இரண்டு காரணங்கள் உண்டு. இந்தச் சங்கத்தின் நூற்றாண்டு நினைவாகப் பாடசாலைக்கு ஒரு மூன்று மாடிக் கட்டடம் எழுப்ப நாங்கள் எல்லோரும் காசு சேர்த்துக்கொண்டிருக்கிறோம். அத்துடன், எங்கள் பழைய மாணவிகளில் மிகப் பலர் இன்று லண்டனிலும் ரொறன்ரோவிலும் மெல்பேர்ணிலும் பலகைகள் பொருத்திய தொடர்மாடிகளில் குடியிருக்கிறார்கள்.

முதலில் சொற்களைத் தெளிவாக்கிக்கொள்வோம். இன்றைய பெரிய கட்டடங்களின் சுவர், மேசன் ஒரே நாளில் பூசி முடிக்கும் ஒரே பரப்பு அல்ல. கொங்கிறீற்று, அலுமினியம், பிளாஸ்டிக், சீமெந்து நார் போன்றவற்றாலான பலகைகளை ஒன்றின் பக்கத்தில் ஒன்றாகப் பொருத்துகிறார்கள். இரண்டு பலகைகள் சேரும் இடம் மூட்டு. மூட்டை மறைக்காமல் வேண்டுமென்றே நேர்கோடாக ஒரு பள்ளம் விட்டால் அதை ஆங்கிலத்தில் ரிவீல் என்கிறார்கள். நாங்கள் தவாளிப்பு என்று சொல்லலாம். இதே ரிவீல் என்ற சொல்லை யன்னலுக்கும் பயன்படுத்துகிறார்கள். யன்னல் சட்டத்திலிருந்து சுவரின் முகம்வரை, சுவரின் தடிப்பு தெரிகின்ற அந்தப் பக்கப் பகுதிதான் அது. எங்கள் பழைய வீடுகளில் சிமிழி விளக்கு வைத்த இடம் என்றால் அக்காமாருக்கு விளங்கும்.

இந்தப் பாடசாலையில் மனையியல் படித்தவர்களுக்கு மூட்டைப் பற்றி நான் புதிதாகச் சொல்லத் தேவையில்லை. சட்டை தைக்க முன்பு கடதாசியில் மாதிரி வெட்டுவோம். தையலுக்கென்று ஓரத்தில் துணி விடாமல் வெட்டினால், எவ்வளவு நல்ல துணியானாலும் சட்டை பிழைத்துவிடும். கையும் உடலும் சேருகிற இடத்தில்தான் சட்டை கிழியும். துணியின் நடுவில் கிழிவது அபூர்வம். கட்டடமும் அப்படியே. அதற்கு வரலாற்றில் இரண்டு பெரிய சாட்சிகள் உண்டு. இரண்டும் நான் வாழும் லண்டன் நகரத்தில் நடந்தவை.

முதலாவது, ரொனன் பொயின்ற். எங்கள் ஆட்கள் நிறைய வாழும் ஈஸ்ட்ஹாம் அடங்கிய அதே நியூஹாம் நகரப் பிரிவில், கனிங் ரவுண் என்ற இடத்தில் எழுந்த 22 மாடிக் குடியிருப்பு. டென்மார்க்கில் உருவான லார்சன்-நீல்சன் என்ற முறையில், தொழிற்சாலையில் வார்த்த கொங்கிறீற்றுப் பலகைகளைக் கொண்டுவந்து ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டினார்கள். தனியான தூண்களும் வளைகளும் கொண்ட சட்டகம் இல்லை. பலகைகளே பாரத்தைத் தாங்கின. 1968ஆம் ஆண்டு மார்ச் மாதம் குடியேறத் திறந்துவிட்டார்கள். இரண்டு மாதம் கழித்து, மே 16ஆம் திகதி அதிகாலை 5.45 மணியளவில், 18ஆம் மாடியில் ஓர் அம்மா தேநீர் வைக்க அடுப்பைப் பற்றவைத்தார். எரிவாயு கசிந்திருந்தது. வெடித்தது.

அந்த வெடிப்பு அவ்வளவு பெரியதல்ல. அந்த அம்மாவே உயிர் தப்பினார். ஆனால் அந்த மூலையிலிருந்த பாரந்தாங்கும் சுவர்ப் பலகைகள் மூட்டிலிருந்து கழன்று வெளியே விழுந்தன. மேல் மாடிகளுக்குப் பிடிமானம் இல்லாமல் போக, அவை கீழே விழுந்தன. அவற்றின் பாரத்தால் கீழ் மாடிகளும் ஒன்றன்பின் ஒன்றாகச் சரிந்தன. கட்டடத்தின் ஒரு முழு மூலையே இல்லாமல் போனது. நான்கு பேர் இறந்தார்கள், 17 பேர் காயப்பட்டார்கள். மூலைப் பகுதியில் பெரும்பாலும் இருக்கும் அறைகளும் நேரத்தின் அதிகாலையும் சேர்ந்துதான் இறப்பைக் குறைத்தன. 1970இல் ஒரு விதி வந்தது. ஐந்து மாடிக்கும் அதற்கு மேலும் உள்ள கட்டடங்களில் ஓரிடத்தில் நேரும் சிறிய விபத்து, அதற்குப் பொருந்தாத பெரிய சரிவாக மாறக்கூடாது என்பதே அந்த விதி.

கதை அத்துடன் முடியவில்லை. விழுந்த மூலையைத் திருப்பிக் கட்டி, மீண்டும் மக்களைக் குடியேற்றினார்கள். இந்தக் கட்டடம் பாதுகாப்பானதல்ல என்று சாம் வெப் என்ற கட்டடக்கலைஞர் பல ஆண்டுகள் குரல் கொடுத்தார். இறுதியில் 1986இல் அதை மாடி மாடியாகக் கழற்றினார்கள். அப்போதுதான் மூட்டுகளின் உட்பகுதி வெளியே தெரிந்தது. சாந்து நிரப்பியிருக்க வேண்டிய இடத்தில் வெற்றிடமும் கடதாசியும் குப்பையும் இருந்தன. வரைபடத்தில் அந்த மூட்டு சரியாகத்தான் இருந்தது. மூடியபின் பார்க்க முடியாத இடம் என்பதால், மூடுமுன் ஒருவரும் கவனமாகப் பார்க்கவில்லை.

இரண்டாவது, கிரென்பெல் ரவர். இதை நீங்கள் எல்லோரும் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். வடக்குக் கென்சிங்டனில் இருந்த 24 மாடிக் குடியிருப்பு. 2017 யூன் 14ஆம் திகதி, நள்ளிரவு கடந்து ஒரு மணிக்குச் சற்று முன், நான்காம் மாடி வீடொன்றின் குசினியில் குளிர்சாதனப் பெட்டியருகே தீப்பிடித்தது. தீயணைப்புப் படையினர் விரைவாக வந்து குசினித் தீயை அணைத்தார்கள். ஆனால் அதற்குள் தீ சுவருக்குள் போய்விட்டது. வெளிச்சுவரில் ஏறிய தீ, அரை மணித்தியாலத்துக்குள் உச்சியைத் தொட்டது. 72 பேர் இறந்தார்கள்.

அந்த வெளிச்சுவரின் அலுமினியப் பலகைகளின் நடுவே பொலிஎதிலீன் என்ற எரியும் பிளாஸ்டிக் இருந்தது பலருக்குத் தெரியும். தீ குசினியிலிருந்து அந்தப் பலகைக்கு எப்படிப் போனது என்பது அவ்வளவாகப் பேசப்படவில்லை. நீதிபதி சேர் மார்ட்டின் மூர்-பிக் தலைமையிலான விசாரணைக் குழுவின் முதலாவது அறிக்கை 2019 ஒக்ரோபரில் வெளிவந்தது. அதன்படி, தீ யன்னலின் ரிவீல் வழியாகப் போயிருக்கவே வாய்ப்பு அதிகம்.

அதைக் கொஞ்சம் விளங்கப்படுத்துகிறேன். புதுப்பிக்கும்போது யன்னல்களைப் பழைய இடத்தில் வைக்கவில்லை. புதிய பலகைகளின் முகத்தோடு சேருமாறு வெளியே தள்ளி வைத்தார்கள். அதனால் பழைய கொங்கிறீற்றுத் தூணுக்கும் புதிய யன்னல் சட்டத்துக்கும் இடையில் ஒரு வெளி உண்டாயிற்று. அந்த வெளியை றப்பர் தாளாலும் வெப்பம் காக்கும் பஞ்சாலும் மூடி, உட்பக்கத்தில் அழகுக்குப் பிளாஸ்டிக் தகடு ஒட்டினார்கள். வீட்டுக்குள் இருந்து பார்த்தால் சுத்தமான வெள்ளை ஓரம். குசினித் தீயின் சூடு பட்டதும் அந்தத் தகடு இளகி வளைந்து விழுந்தது. அதற்குப் பின்னால் இருந்தது பலகைக்கும் பஞ்சுக்கும் இடையிலான வெற்று வெளி. யன்னலைச் சுற்றி அந்த வெளியை அடைக்கும் தீத்தடுப்பும் இருக்கவில்லை.

இப்போது கணினிக்கு வருகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் நான் வேலை செய்த வைத்தியசாலையொன்றில், இரத்தப் புற்றுநோயாளர் விடுதியைப் புதுப்பிக்கும் குழுவில் என்னைச் சேர்த்தார்கள். அந்த விடுதியில் இருப்பவர்களுக்கு நோயெதிர்ப்புச் சக்தி மிகக் குறைவு. எங்களுக்கு ஒன்றுமே செய்யாத அஸ்பேர்ஜிலஸ் பூஞ்சணம் அவர்களின் நுரையீரலுக்குள் போனால் உயிரையே எடுக்கும். அங்கே பழைய குளியலறைச் சுவர்ப் பலகையின் மூட்டு திறந்து, பின்னால் தண்ணீர் இறங்கி, உள்ளே பூஞ்சணம் படர்ந்திருந்தது. பலகையின் முகம் பளபளவென்று இருந்தது. தாதியர் ஒவ்வொரு நாளும் துடைத்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

குழுவின் கூட்டங்களில் ரெவிட் என்ற மென்பொருளைத் திரையில் திறந்து கட்டடத்தைக் காட்டுவார்கள். பழைய நாட்களில் படவரைஞர் கோடு போட்டார். ரெவிட்டில் கோடு போடுவதில்லை, சுவரையே வைப்பார்கள். அந்தச் சுவருக்கு உயரம், தடிப்பு, உள்ளே எத்தனை அடுக்கு, ஒவ்வோர் அடுக்கும் என்ன பொருள் என்ற விபரம் எல்லாம் இருக்கும். யன்னலை வைத்தால் சுவர் தானே திறந்துகொள்ளும். ஓரிடத்தில் மாற்றினால் எல்லாப் படங்களிலும் மாறும். பார்க்க அதிசயமாக இருக்கும். ஆனால் அந்தச் சுவர் இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை ஒரே சுவர். உண்மையில் அது பன்னிரண்டு பலகைகளாக இருக்கலாம். பலகைகளையும் மூட்டுகளையும் ஒருவர் தனியாகச் சொல்லிக் கொடுத்தால்தான் கணினிக்குத் தெரியும்.

அதைச் சொல்லிக் கொடுக்க நான்கு வழிகளை அங்கே பார்த்தேன்.

முதல் வழி, சுவரின் முகத்தில் கோடுகளால் ஒரு கோலம் போடுவது. படத்தில் பலகைகள்போலத் தெரியும். ஆனால் அதற்கு ஆழம் இல்லை. சுவரை வெட்டிப் பார்த்தால் மூட்டே இருக்காது. பலகைகளை எண்ணவும் முடியாது.

இரண்டாம் வழி, ரிவீல் என்ற கருவி. மூட்டின் வெட்டுமுகத்தை, உதாரணமாக 10 மில்லிமீற்றர் அகலம், 15 மில்லிமீற்றர் ஆழம் என்று வரைந்து கொடுத்தால், அது சுவரின் நீளத்துக்கோ உயரத்துக்கோ ஒரு தவாளிப்பை வெட்டும். வெட்டிப் பார்த்தால் பள்ளம் தெரியும், வெளிச்சத்தில் நிழலும் விழும். ஆனாலும் சுவர் இன்னும் ஒரே துண்டுதான்.

மூன்றாம் வழி, சுவரை ஆரம்பத்திலேயே கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு பலகையை வைப்பது. கண்ணாடிச் சுவர்களுக்கென உருவான முறை இது. இதில் ஒவ்வொரு பலகைக்கும் தனி அளவும் தனி இலக்கமும் உண்டு. எத்தனை பலகை, எத்தனை மீற்றர் மூட்டு என்று அட்டவணை எடுக்கலாம். செலவு கணக்கிடுபவருக்கு மிகவும் உதவும்.

நான்காம் வழி, முடித்த சுவரைப் பாகங்களாக வெட்டுவது. வெட்டும் கோட்டில் எவ்வளவு இடைவெளி என்று கொடுக்கலாம். சுவரின் உள் அடுக்குகள் தொடர்ச்சியாக இருக்க, வெளி அடுக்கை மட்டும் வெட்டலாம். உண்மையில் கட்டுவதும் அப்படித்தான் என்பதால் இது எனக்கு நல்லதாகப் பட்டது.

யன்னலுக்கு இன்னொன்று உண்டு. சுவரின் அடுக்குகள் யன்னல் வாயில் வந்து அப்படியே நிற்குமா, மடிந்து உள்ளே திரும்புமா என்பது சுவருக்குக் கொடுக்கும் ஓர் அமைப்பு. எந்த இடம்வரை மடிய வேண்டும் என்பதை யன்னலும் சொல்ல வேண்டும். ஒருவர் சொல்லி மற்றவர் சொல்லாமல் விட்டால், பஞ்சும் காற்று வெளியும் யன்னலருகே மூடாமல் நிற்கும். சிறிய அளவுப் படத்தில் அது ஒரு மெல்லிய கோடு, கண்ணுக்குத் தெரியாது. ஐந்தில் ஒரு பங்கு அளவில் பெருப்பித்து வெட்டுமுகம் எடுத்தால்தான் தெரியும். கிரென்பெல்லின் பிறகு இந்த வெட்டுமுகத்தைக் கேட்காமல் நான் எந்தக் கூட்டத்தையும் முடிக்க விட்டதில்லை.

எங்கள் குளியலறைக்கு என்ன செய்தோம் என்று சொல்கிறேன். சுவருக்கு இரண்டரை மில்லிமீற்றர் தடிப்பான பிளாஸ்டிக் தகடு. நிலத்துக்கு வைனைல். நிலத்தின் வைனைல் சுவரோடு முட்டி நிற்கக்கூடாது. வளைந்து சுவரில் ஏற வேண்டும். நிலமும் சுவரும் கூரிய மூலையாகச் சேர்ந்தால் துடைப்பான் உள்ளே போகாது, அழுக்கு தங்கும். இங்கிலாந்தின் வைத்தியசாலைக் கட்டட வழிகாட்டியும் அந்த வளைவைக் கேட்கிறது. பிறகு சுவர்த் தகடு அந்த ஏறிய வைனைலுக்கு மேலாகப் படிய வேண்டும். அப்போது சுவரில் வழியும் தண்ணீர் நிலத்துக்குப் போகும். மாறி வைத்தால் தண்ணீர் மூட்டுக்குள் போகும். எங்கள் ஊரில் கிடுகு வேய்பவர் கீழிருந்து தொடங்கி, மேல் கிடுகு கீழ்க் கிடுகின் மேல் படிய வேய்வது இதே காரணத்துக்காகத்தான். அந்த அறிவுக்கு மென்பொருள் தேவையில்லை. ஆனால் நாற்பது குளியலறையிலும் நாற்பது வேலையாட்கள் ஒரே மாதிரிச் செய்ய அது தேவை.

திரையில் முதலில் இருந்தது முதலாம் வழி: கோலம். தகடுகள் சேருமிடம் தண்ணீர்க் குழாயின் நேர் பின்னால் வந்தது. கோலம் ஆகையால் அது ஒருவருக்கும் உறுத்தவில்லை. தகடுகளைத் தனித்தனிப் பலகைகளாக வரையும்படி கேட்டோம். வரைந்து முடிய, குழாய் மூட்டின் மேல் நிற்பது எல்லோர் கண்ணுக்கும் பட்டது. கட்டங்களை 300 மில்லிமீற்றர் நகர்த்தினார்கள். குழாய் முழுப் பலகையின் நடுவில் வந்தது. மூட்டு தண்ணீர் படாத பக்கத்துக்குப் போனது. அறை ஒவ்வொன்றிலும் ஒரு மூட்டு குறைந்தது. அந்த மாற்றத்துக்கு ஒரு பிற்பகல் போனது. கட்டியபின் மாற்றுவதென்றால் விடுதியை மூட வேண்டும். நோயாளரை வேறிடம் அனுப்ப வேண்டும்.

"மூட்டே இல்லாமல் கட்டினால் என்ன?" என்று ஒரு தாதி கேட்டார். நல்ல கேள்வி. பொருள்கள் சூட்டில் விரியும், குளிரில் சுருங்கும். மூன்று மீற்றர் நீளமான அலுமினியப் பலகை, குளிர்காலக் காலைக்கும் கோடை வெயிலுக்கும் இடையில் 50 பாகை செல்சியஸ் மாறினால், சுமார் மூன்றரை மில்லிமீற்றர் நீளும். உயர்தரத்தில் பௌதிகவியல் படிக்கும் பிள்ளைகள் வீட்டுக்குப் போய்க் கணக்குப் போட்டுப் பாருங்கள். இடம் விடாவிட்டால் பலகை புடைக்கும் அல்லது பிடிமானம் கழரும். ஆகவே மூட்டு ஒரு குறை அல்ல. எங்கள் முழங்காலைப்போல அது அசைவுக்காக இருக்கும் இடம். அது எங்கே இருக்கும், எவ்வளவு அகலம், உள்ளே என்ன இருக்கும், யார் பார்ப்பார்கள் என்பவற்றை முன்கூட்டியே தீர்மானிக்க வேண்டும்.

மென்பொருளைப் புகழ்ந்துவிட்டுப் போக நான் வரவில்லை. அதற்கு எல்லை உண்டு. ஒவ்வொரு மூட்டையும் ஒவ்வொரு திருகாணியையும் வரைந்தால் கோப்பு பெருத்து, கணினி தவழும். வரைபவரின் நேரமும் வீணாகும். ஆகவே எதை எவ்வளவு நுணுக்கமாக வரைவது என்று ஆரம்பத்திலேயே எழுதிக்கொள்கிறார்கள். ஒரே மாதிரியான நூறு மூட்டுக்கு ஒரு மூட்டை முழுமையாக வரைந்தால் போதும். மூலைகள், யன்னல் வாய்கள், நிலத்தைத் தொடும் இடம், கூரையைத் தொடும் இடம் ஆகியவற்றை விடாமல் வரைய வேண்டும். பிழைப்பது அங்கேதான்.

அதைவிடப் பெரிய எல்லை, திரையில் இருப்பது நிலத்தில் இருப்பதல்ல என்பது. ரொனன் பொயின்ற்றின் மூட்டுக்குள் குப்பை அடைத்ததை எந்த மென்பொருளும் கண்டுபிடிக்காது. கிரென்பெல்லின் பிறகு டேம் யூடித் ஹக்கிற் 2018இல் ஓர் அறிக்கை கொடுத்தார். உயர்ந்த குடியிருப்புகளுக்கு ஒரு "பொன் இழை" வேண்டும் என்றார். என்ன வரைந்தார்கள், என்ன மாற்றினார்கள், உண்மையில் என்ன பொருத்தினார்கள் என்ற தகவல், கட்டிய நாளிலிருந்து கட்டடம் இருக்கும் காலம்வரை அறுபடாமல் கணினியில் இருக்க வேண்டும் என்பதே அதன் கருத்து. 2022ஆம் ஆண்டின் கட்டடப் பாதுகாப்புச் சட்டத்தின் வழியாக இங்கிலாந்தில் அது நடைமுறைக்கு வந்தது. வைத்தியர்களுக்கு இது புதிதல்ல. நோயாளரின் குறிப்புப் புத்தகம் அறுபட்டால் என்ன நடக்கும் என்று எங்களுக்குத் தெரியும்.

இனி, நாங்கள் என்ன செய்யலாம்?

எங்கள் நூற்றாண்டுக் கட்டடம் அலுமினியப் பலகைக் கட்டடம் அல்ல. கொங்கிறீற்றுத் தூண்களும் சீமெந்துக் கல் சுவர்களும்தான். ஆனால் அதிலும் மூட்டு உண்டு. தூணும் கற்சுவரும் சேரும் இடம் முதலாவது. இரண்டும் வேறு பொருள். வேறு அளவில் விரியும், வேறு அளவில் சுருங்கும். மேலே பூச்சை ஒன்றாகப் பூசினால் சில ஆண்டுகளில் அந்தக் கோட்டில் வெடிப்பு விழும். ஒன்றில் அந்த மூட்டின் மேல் கம்பி வலை பதித்துப் பூச வேண்டும், அல்லது பூச்சில் நேர்த்தியான ஒரு தவாளிப்பு விட வேண்டும். இரண்டாவது, யன்னல் வாய். மாரி மழையில் வாடைக் காற்று சாரலை அடிக்கும்போது தண்ணீர் எங்கே போகும்? யன்னலின் அடித்தளம் வெளியே சரிய வேண்டும். வெளியே நீட்டிய விளிம்பின் அடியில் ஒரு சிறிய தவாளிப்பு இருந்தால் தண்ணீர் சுவரோடு திரும்பி வராமல் சொட்டி விழும். மூன்றாவது, பழைய கட்டடமும் புதியதும் முட்டும் இடம். பழையது இருந்து அமர்ந்துவிட்டது; புதியது இனித்தான் அமரும். இரண்டையும் இறுக்கிக் கட்டக்கூடாது. நான்காவது, பிள்ளைகளின் கழிவறைகளில் நிலமும் சுவரும் சேரும் மூலை. அதைப் பற்றி ஏற்கனவே சொல்லிவிட்டேன்.

ஆகவே கட்டடக் குழுவிடம் பணிவாக மூன்று வேண்டுகோள். ஒன்று, கட்டடத்தின் கணினி மாதிரியைக் காசு செலவழிக்க முன்பு ஒருநாள் இந்த மண்டபத்தின் திரையில் போட்டு, இந்த நான்கு இடங்களையும் வெட்டிக் காட்டுங்கள். அழகிய முகப்புப் படம் மட்டும் போதாது. இரண்டு, ஒவ்வொரு மூட்டும் மூடுமுன் கைத்தொலைபேசியில் படம் எடுத்து, திகதியோடும் இடத்தோடும் சேமித்து வையுங்கள். அதற்குச் செலவே இல்லை. மூன்று, அந்த மாதிரியும் படங்களும் ஒப்பந்தகாரரோடு போய்விடாமல் பாடசாலையிடம் இருக்க வேண்டும் என்று உடன்படிக்கையில் எழுதுங்கள். இன்னும் ஐம்பது ஆண்டில் ஒரு சுவரை இடிக்க வரும் அதிபர் உங்களை வாழ்த்துவார். காசு அனுப்பும் எங்களுக்கும் எங்கள் காசு எங்கே நிற்கிறது என்று தெரியும்.

வெளிநாட்டில் தொடர்மாடியில் இருக்கும் சகோதரிகளே, நீங்கள் வாங்கப் போகும் அல்லது வாடகைக்கு இருக்கும் வீட்டின் வெளிச்சுவர் என்ன பொருள் என்று கேளுங்கள். 2014இல் மெல்பேர்ணில் லக்ரோஸ் கட்டடத்திலும் இவ்வாறான பலகைகளில் தீ பரவியது. அங்கே ஒருவரும் இறக்காதது அதிர்ஷ்டம். இங்கிலாந்தில் 18 மீற்றருக்கு மேற்பட்ட குடியிருப்புகளின் வெளிச்சுவரில் எரியும் பொருள் கூடாது என்ற தடை 2018 இறுதியில்தான் வந்தது. அதற்கு முன் கட்டியவை இன்னும் இருக்கின்றன. தீ மதிப்பீட்டு அறிக்கையைக் கேட்பது மரியாதைக் குறைவு அல்ல. கேட்கக் கூச்சப்படும் பழக்கத்தை இந்த ஒரு விடயத்திலாவது விட்டுவிடுவோம்.

கடைசியாக, பின்வரிசைப் பிள்ளைகளுக்கு. எங்கள் காலத்தில் கணக்கில் கெட்டிக்காரியென்றால் டொக்டர் அல்லது எஞ்சினியர் என்று இரண்டு கதவுதான் காட்டினார்கள். நான் இருந்த அந்தக் குழுவில், மூட்டுகளை வரைந்து காட்டியவர் ஓர் இளம் பெண். அவர் வைத்தியருமல்ல, பொறியியலாளருமல்ல, கட்டட மாதிரியாளர். எங்கள் எல்லோரையும்விட அந்த விடுதியின் சுவருக்குள் என்ன இருக்கிறது என்று அவருக்குத்தான் தெரிந்திருந்தது. அவர் ஒரு கேள்வி கேட்டால் பெரிய ஆலோசகர்களும் பேச்சை நிறுத்திக் கேட்டார்கள்.

அந்த வேலைக்கு வேண்டியது கேத்திரகணிதமும் பொறுமையும், ஒரு பொருளைக் கண்ணை மூடிக்கொண்டு மனதில் சுற்றிப் பார்க்கும் திறனும். நீங்கள் தொழினுட்பப் பிரிவில் படித்தாலும் கணிதப் பிரிவில் படித்தாலும் அதற்குப் போகலாம். மொரட்டுவைப் பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலை இருக்கிறது. பல்கலைக்கழகம் கிடைக்காதவர்களுக்கு என்.வி.கியூ. சான்றிதழோடு படவரைஞர் பயிற்சி இருக்கிறது. ரெவிட்டை வெளியிடும் ஓட்டோடெஸ்க் நிறுவனம் மாணவர்களுக்கு அதை இலவசமாகவே தருகிறது. பிரீகாட் என்ற மென்பொருள் எல்லோருக்கும் இலவசம். கணினிக் கூடத்தில் ஒரு மூலையை இதற்கு ஒதுக்கினால், உங்கள் முதல் பயிற்சியாக இந்த மண்டபத்தையே வரையலாம். அளவுநாடாவை எடுத்து, யன்னல் வாயின் ஆழத்தை அளந்து தொடங்குங்கள். அளக்கும்போதுதான் பழைய மேசன்மார் எவ்வளவு யோசித்துச் செய்திருக்கிறார்கள் என்று விளங்கும்.

நூறு ஆண்டு ஒரு பாடசாலை நிற்பது, ஒரு வகுப்பு அடுத்த வகுப்போடும் ஒரு தலைமுறை அடுத்த தலைமுறையோடும் நன்றாகச் சேர்ந்ததனால் என்று வாழ்த்துரைகளில் சொல்வார்கள், அது உண்மைதான். நான் கேட்பது அதைவிடச் சிறியது. அடுத்த மாதம் கட்டட வரைபடம் உங்கள் கைக்கு வரும்போது, முகப்பைப் பார்த்துவிட்டு மடித்து வைக்காமல், மூலைகளைத் தேடிப் பாருங்கள். அங்கே ஒன்றும் வரையப்படவில்லையென்றால், ஏன் என்று கேளுங்கள்.